வாராக் கடன்களும் ஒரு ஃபிரிட்ஜும்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் எந்த உணவும் சாப்பிடுவதற்காகப் போவதில்லை. இன்றைக்கே கொட்ட மனம் வராததால் போகிறது. இரண்டு கரண்டி கூட்டு, அரைக் கிண்ணம் சேமியா உப்புமா, விருந்தாளிக்காக நறுக்கி, அவர் "சுகர் இருக்கு" என்று கைகூப்பிவிட்டதால் மிஞ்சிய பப்பாளி, எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புதான்: "உள்ள எடுத்து வை, நாளைக்குப் பார்த்துக்கலாம்." நாளைக்கு யாரும் பார்ப்பதில்லை. நாளை மறுநாள் அதற்கு முன்னால் இன்னொரு கிண்ணம் வந்து நிற்கிறது. அடுத்த வாரம் அதை வெளியே எடுக்கும்போது கொட்டுவதற்குத் துளித் தயக்கமும் இருப்பதில்லை. ஆக, சோற்றைக் கொட்டும் பாவத்தை ஒரு வாரம் குளிரவைத்து, உறுத்தல் இல்லாத பதத்தில் திருப்பித் தருவதற்காகத்தான் நாங்கள் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். பிறர் கணக்கில் பிழை காண்பதைத் தவிர வேறு கைத்தொழில் தெரியாது. ஓய்வுபெற்றதும் பார்க்கக் கணக்கு இல்லாமல் போயிற்று. மனைவியிடம் மளிகைக் கணக்குக் கேட்டேன். "சம்பளக் கவரை என் கையில குடுத்த இத்தனை வருஷத்துல ஒருநாளாவது கேட்டிருப்பீங்களா? இப்ப என்ன புதுசா?" என்றாள். அம்மாவின் வெற்றிலைப் பெட்டிக் கணக்கைக் கேட்கும் துணிச்சல் எனக்கு எந்த வயதிலும் வந்ததில்லை. எதிர்த்துப் பேசாத ஒரே அலுவலகமாக வீட்டில் மிஞ்சியது ஃபிரிட்ஜ்தான்.

எங்கள் தொழிலில் வாராக் கடன் என்று ஓர் இனம் உண்டு. எப்போதோ கொடுத்தது. திரும்பி வராது என்பது சங்கத் தலைவர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட ஒருவரும் முன்வர மாட்டார்கள். அதனால் வருடாவருடம் அது ஏட்டில் சொத்தாகவே உட்கார்ந்திருக்கும். எங்கள் ஃபிரிட்ஜின் இரண்டாம் தட்டில் பின்வரிசை முழுக்க அந்த இனம்தான்.

முறைப்படி முதலில் இருப்பு எடுத்தேன்.

நடுத்தட்டு இட்லி மாவுக் குண்டானின் அனுபோகத்தில் இருந்தது. அது நிரந்தர இருப்பு. தீர்வதற்குள் அடுத்தது அரைபட்டுவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவு புளிப்பது நிற்பதில்லை, நிதானப்படுகிறது, அவ்வளவே. அதனால் அது முதலில் இட்லி, பிறகு தோசை, அதற்கும் பிறகு வெங்காயம் தூவிய ஊத்தப்பம், கடைசியாகக் குழிப்பணியாரம் என்று புளிப்பு ஏற ஏறப் பதவி மாறிக்கொண்டே வரும். அதற்குப் பக்கத்தில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா. பக்கத்து வீட்டுப் பையன் ஆசையோடு திறந்து, உள்ளே இருந்த கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டு எங்கள் குடும்பத்தின் மேலேயே நம்பிக்கை இழந்தான். பின்னால் எவர்சில்வர் டப்பாக்கள். எவர்சில்வரின் சிறப்பு, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. திறந்து பார்க்கிறவருக்குத்தான் கழுவும் பொறுப்பு என்பது வீட்டு வழக்கம். ஆகவே ஒருவரும் திறப்பதில்லை.

கதவில், ஓட்டல் பார்சலோடு வந்து ரப்பர் பேண்டுகூடக் கழற்றப்படாத சட்னிப் பொட்டலங்கள், என்றோ வரப்போகும் பஞ்சத்துக்காகச் சேர்த்த தக்காளி சாஸ் பாக்கெட்டுகள், அம்மாவின் இன்சுலின், எழுதிக்கொடுத்த டாக்டரே மறந்திருக்கக்கூடிய கண் சொட்டு மருந்து. காய்கறிப் பெட்டியில், கல்யாண வரவேற்புகளில் கொடுத்த எலுமிச்சம்பழங்கள். அவற்றில் சிலவற்றுக்கு உரிய தம்பதிகளுக்குக் குழந்தை பிறந்து பள்ளிக்கூடமே சேர்த்தாயிற்று. மேல் தட்டில் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரம். அதன் பக்கத்தில் மூடாமல் வைத்த பாலில் போட்ட காபி, கோயில் வாசல் மணத்தது.

மேல் தட்டின் மூலையில் பிரசாதம். இதில்தான் எந்தத் தணிக்கையும் தோற்கும். திருவல்லிக்கேணியில் குடியிருந்துகொண்டு பார்த்தசாரதி கோயில் சர்க்கரைப் பொங்கலைக் குப்பைக்கூடையில் போட்டேன் என்று ஒருவன் சொல்ல முடியுமா? சாப்பிடவும் முடியாது, கொட்டவும் முடியாது. அம்மா மட்டும் தினம் ஒரு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். கதவில் இருக்கும் இன்சுலினைச் சுட்டிக்காட்டினால், "பெருமாள் சர்க்கரை ஏறாதுடா" என்பாள்.

இந்த நிலையில்தான் மகள் விடுமுறைக்கு வந்தாள். உணவு நுண்ணுயிரியல் படித்தவள், பெங்களூரில் வேலை. தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அப்பா, உள்ள எத்தனை டிகிரி?"

குமிழைத் திருப்பிப் பார்த்து, "ரெண்டு" என்றேன் பெருமையோடு.

"அது டிகிரி இல்லப்பா, வெறும் நம்பர். அந்த நம்பர் ஏற ஏறத்தான் குளிர் ஏறும்."

அது இரண்டைத் தாண்டாமல் நிற்பதற்குக் காரணம் அம்மா. தண்ணீர் பல்லைக் கூசவைக்கிறது என்று வாங்கிய புதிதிலேயே குமிழைப் பின்னுக்குத் திருகிவிட்டாள். மொத்தக் குடும்பத்தின் உணவுப் பாதுகாப்பும் அவளுக்கு மிஞ்சியிருந்த சில கடைவாய்ப் பற்களின் சௌகரியத்துக்குக் கட்டுப்பட்டு நடந்துவந்திருக்கிறது.

மகள் ஒரு தெர்மாமீட்டர் வரவழைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு, நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்தாள். காற்றின் சூடு கதவைத் திறந்தால் மாறிவிடும், தண்ணீரின் சூடு அத்தனை சுலபத்தில் மாறாது என்பது அதற்குக் காரணம். காலையில் 9 டிகிரி காட்டியது. இருக்கவேண்டியது 5-க்குக் கீழே, 4 இருந்தால் உத்தமம். ஃப்ரீசர் மைனஸ் 18. "5-லேருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமிங்களுக்குக் கொண்டாட்டம்பா. வசதியான சூட்டுல சிலது 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும்."

எனக்குக் கூட்டுவட்டி தெரியும். பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கிருமி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், 7 மணி நேரத்தில் 20,97,152. கந்துவட்டிக்காரர்கள் நிறைந்த தாலுக்காக்களில் எல்லாம் தணிக்கை செய்திருக்கிறேன். இப்படி ஒரு வளர்ச்சியை நான் கண்டதில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு மூடிவைத்த அவியலை ராத்திரி எட்டு மணிக்கு "லேசா சூடு பண்ணி" சாப்பிடும் வழக்கத்தை நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. அது அச்சமா அவியலா என்று உடனே சொல்லத் தெரியவில்லை.

அன்றே களத்தில் இறங்கினேன். கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுக்க வேண்டும். இழுக்கும்போது பிடித்துக்கொண்டால் ஓரத்து ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் வெளியே போகிறது. ஒரு பத்து ரூபாய்த் தாளோடு நான் கதவைச் சுற்றி வருவதைப் பார்த்த மனைவி, "ஃபிரிட்ஜுக்கே லஞ்சமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மேலே பிடித்தது, கீழ் ஓரத்தில் வழுக்கியது. இரண்டு கையிலும் பாத்திரத்தோடு வருகிறவர்கள் காலால் உதைத்து மூடும் இடம் அது. வெந்நீரில் சோப்புப் போட்டு ரப்பரைத் துடைத்தபோது, மடிப்புகளுக்குள்ளிருந்து வந்த பருக்கைகளைச் சேர்த்தால் ஒரு காக்கைக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்தது இடமாற்ற உத்தரவுகள். கதவுதான் ஃபிரிட்ஜிலேயே சூடான இடம். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று வாங்குகிறது. ஆனால் அங்கேதான் முட்டைக்கென்று வட்டவட்டமாகக் குழி வைத்துச் செய்து கொடுத்திருக்கிறார்கள். பாலும் அங்கே நிற்கத் தோதாக இருக்கிறது. இரண்டையும் உள்ளே மாற்றிவிட்டு, உப்பும் புளிப்பும் உள்ள ஊறுகாய், சாஸ், ஜாம் வகையறாக்களைக் கதவுக்கு அனுப்பினேன். இன்சுலினுக்கு 2-லிருந்து 8 டிகிரி வரை வேண்டும். ஆனால் ஃப்ரீசருக்குப் பக்கத்திலோ பின்சுவரை ஒட்டியோ வைத்து உறைந்துபோனால் அது மருந்தே அல்ல. அதற்கு நடுத்தட்டில் ஒரு தனி டப்பா ஒதுக்கினேன். மாவுக் குண்டான் அரை அடி நகர்ந்து கொடுத்ததை மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

உருளைக்கிழங்கு வெளியேற்றப்பட்டது. குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுத்தால் சீக்கிரம் கறுக்கும். வெங்காயம், உருளை இரண்டுக்கும் காற்றாட ஒரு கூடை போதும், தனித்தனிக் கூடையாக இருந்தால் நல்லது. பழுக்கும் மாம்பழமும் ஆப்பிளும் எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் கீரை இருந்தால் அது மஞ்சளாகிப்போகும். இரண்டையும் பிரித்தேன்.

மீன் விஷயத்தில்தான் ஓர் அதிசயம் நடந்தது. எங்கள் அம்மா பல வருடமாக ஒரே கட்சி: மீனும் கறியும் அடித்தட்டில்தான் இருக்க வேண்டும், பிரசாதம் இருக்கும் தட்டுக்கு மேலே போகக் கூடாது. இதை மூடநம்பிக்கை என்று சொல்லத்தான் மகளைக் கூப்பிட்டேன். அவள் பாட்டி பக்கம் போய் நின்றுகொண்டாள். "பச்சை மீனும் கறியும் அடியிலதான்பா இருக்கணும். அதுலேருந்து சொட்டுற தண்ணி சமைச்ச சாப்பாட்டுல விழுந்தா அவ்வளவுதான்." உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து விதிகளில் இதுவும் ஒன்று: பச்சையும் சமைத்ததும் தனித்தனியாக இருக்கட்டும். ஆசாரமும் அறிவியலும் எங்கள் வீட்டில் ஒரே தட்டில் உடன்பட்டது அந்த ஒருநாள்தான். அம்மா அந்த வெற்றியைக் கொண்டாடப் பொங்கலில் இரண்டு விரல் எடுத்துக்கொண்டாள்.

சூடான குழம்பை ஃபிரிட்ஜில் வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்பது எங்கள் தெருவின் ஏகமனதான தீர்மானம். அதனால் மத்தியானக் குழம்பு ஆற ஆற மேடையிலேயே இருக்கும். ஆறிவிட்டதா என்று பார்க்கும் ஞாபகம் சீரியல் முடிந்தபிறகுதான் வரும். விதிப்படி, சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. அதுவும் வெளிச்சூடு 32 டிகிரிக்கு மேல் என்றால் 1 மணி நேரம்தான். சென்னையில் 32-க்குக் கீழே போகும் பகல் பொழுதை நாங்கள் மார்கழியில் கச்சேரியோடு சேர்த்துக் கொண்டாடுகிறவர்கள். ஆகவே எங்களுக்கு எப்போதும் 1 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"கொதிக்கக் கொதிக்க உள்ள வச்சா பக்கத்துல இருக்கிற தயிர் என்ன ஆவறது?" என்று மனைவி கேட்டாள். நியாயமான ஆட்சேபணை. குண்டானோடு தூக்கி வைக்கச் சொல்லவில்லை. அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர்த் தாம்பாளத்தில் சிறிது நேரம் வைத்தால் ஆவி அடங்கிவிடும், உடனே மூடி உள்ளே வைக்கலாம். ஆழமான குண்டானில் இருக்கும் குழம்பு, ஓரத்தில் குளிர்ந்தாலும் நடுவில் மணிக்கணக்காகக் கதகதவென்றே இருக்கும். இதை நான் விளக்கி முடித்ததும், "ஒரு பாத்திரத்துக்குப் பதிலா நாலு பாத்திரம். தேய்க்கிறது யாரு?" என்றாள். அன்றிலிருந்து தேய்ப்பது நான்.

அம்மாவுக்கு இந்த விதிகள் எல்லாமே அவமானம். "எங்க காலத்துல ஃபிரிட்ஜா இருந்துச்சு? சுண்டக்குழம்பு நாலு நாள் வச்சுச் சாப்பிட்டோமே, செத்தா போனோம்?" என்று கேட்டாள். மகள் பதில் சொல்வாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவளோ பாட்டியிடம் அந்தக் குழம்பின் விவரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க விஷயம் விளங்கியது. அது புளிக்குழம்பு. உப்பு, புளி, எண்ணெய் எல்லாம் தூக்கலாக இருக்கும். தினம் காலையும் மாலையும் தளதளவென்று கொதிக்கவிட்டுச் சுண்ட வைப்பார்கள். ஈரக்கரண்டி போடக் கூடாது. எச்சில் கை படக் கூடாது. தேங்காய் அரைத்த குழம்பை ராத்திரிக்குமேல் வைக்கவே மாட்டார்கள். மிஞ்சிய மீன் கருவாடாகும், மிஞ்சிய காய் வற்றலாகும், மிஞ்சிய மாங்காய் உப்பில் இறங்கும்.

யோசித்துப் பார்த்தால் அது ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தின் அலட்சியம் அல்ல, பெரிய கட்டுப்பாடு. வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்ததும் நாம் கட்டுப்பாட்டைக் கைவிட்டோம், "செத்தா போனோம்" என்ற தைரியத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். இப்போது தேங்காய் அரைத்த கூட்டையும் ஈரக்கரண்டியோடு நாலு நாள் வைக்கிறோம். தினம் முழுப் பாத்திரத்தையும் வெளியே எடுத்து, வெதுவெதுப்பாக்கி, இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, மிச்சத்தை உள்ளே தள்ளுகிறோம். ஒவ்வொரு வெதுவெதுப்பும் கிருமிகளுக்கு ஒரு தீபாவளி போனஸ். வேண்டிய அளவை மட்டும் தனியே எடுத்து, ஆவி பறக்கக் கொதிக்கவைத்து, ஒரே தடவையில் தீர்ப்பதுதான் சரி. சமைத்த மிச்சத்துக்கு ஃபிரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் ஆயுள்.

சோற்றுக்கு அதுவும் கிடையாது. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, உலை கொதிப்பிலும் பிழைத்திருக்கும். சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். பிறகு எவ்வளவு சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் வடித்த சோறு மிஞ்சினால் சீக்கிரம் ஆறவைத்து உள்ளே வைத்து, ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். இதைக் கேட்டதும் நான் ஃபிரைட் ரைஸ் கடைகளின் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது நன்றாக இருக்கிறதா என்பதற்கு எங்கள் வீட்டில் இதுவரை இருந்த ஆய்வுக்கூடம் அம்மாவின் மூக்கு. மூடியைத் திறந்து ஒருமுறை முகர்வாள். "நூல் விடுது", "ஊசிப்போச்சு", "பரவால்ல, கொதிக்க வை" என்று மூன்று தீர்ப்புகள். மேல்முறையீடு கிடையாது. அந்த மூக்கைக் குறை சொல்வதற்கில்லை. கெட்டது என்று அது சொன்னால் கெட்டதுதான். ஆனால் கெடவில்லை என்று சொன்னால் நம்ப முடியாது என்பது மகளின் கட்சி. "வாடை வரவைக்கிற கிருமி வேற, ஆளைப் படுக்கவைக்கிற கிருமி வேறப்பா. ரெண்டாவது ஜாதி சத்தமில்லாம, வாடையில்லாம வரும். லிஸ்டீரியான்னு ஒண்ணு ஃபிரிட்ஜ் குளிர்லயே நிதானமா வளரும்." அம்மா மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டு, "உங்க பெங்களூர்ல வளரும்" என்று தீர்ப்பளித்தாள்.

ஃப்ரீசருக்கு வருவோம். அங்கே வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். சாவதில்லை, பெரும்பாலும் தூங்குகிறது. எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். புரட்டாசி பிறப்பதற்கு முன் தள்ளுபடியில் வாங்கிய வஞ்சிரம் எங்கள் ஃப்ரீசரில் விரதம் இருக்கும். மாதம் முடிந்ததும் காலையில் எடுத்து மேடையில் வைத்துவிட்டு, மத்தியானம் குழம்புக்குள் பார்ப்போம். மேல்பாகம் இளகி அறைச் சூட்டில் கிடக்கும்போது நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். மேல்பாகத்துக் கிருமிகளின் விரதம் நமக்கு முன்பே முடிந்துவிடும். முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி, தட்டில் வைத்து இளகவிடுவதே முறை. அவசரமென்றால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்றலாம். இளகியதைச் சமைக்காமல் மறுபடி உறையவைத்தால் மீன் பஞ்சாகும். மொத்தமாக வைக்காமல் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று வைத்தால் இந்தச் சங்கடமே இல்லை.

ஐஸைப் பற்றி எங்கள் பேட்டைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-இல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, ஃபிரெடெரிக் டியூடரின் கம்பெனி கப்பலில் அனுப்பியது. உலகத்தைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் மிதந்து, மெட்ராஸ் வெயிலில் இறங்கி, துரைமார்களின் கோப்பையில் கலந்தது. இயந்திரத்தில் ஐஸ் செய்ய வந்தபிறகு அந்த வியாபாரம் கரைந்தது, ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் பேருந்து நிறுத்தமாக நின்றுவிட்டது. 1958-இல் கோத்ரெஜ் இந்தியாவிலேயே ஃபிரிட்ஜ் செய்தது. ஏரியை அறுத்துக் கப்பலேற்றிய உழைப்புக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும், எங்கள் வீட்டில் காலியான ஐஸ் டிரேயில் தண்ணீர் ஊற்றி வைக்க இன்றுவரை ஒருவரும் முன்வந்ததில்லை. கடைசிக் கட்டியை எடுத்தவர் டிரேயைக் காலியாகவே உள்ளே வைத்து மூடுவார். அவர் யாரென்று தணிக்கையில் கண்டுபிடிக்க முடியவில்லை. சில சந்தர்ப்பங்களில் அது நானாக இருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மின்சாரம் போனபோது எங்கள் நிர்வாகத் திறமை முழுமையாக வெளிப்பட்டது. கதவைத் திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறைந்திருக்கும் ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஒரே நிபந்தனை, திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அன்று மாதிரி ஃபிரிட்ஜ் என்றுமே திறக்கப்பட்டதில்லை. "இன்னும் ஜில்லுன்னு இருக்கா பாரு" என்று அம்மா சொல்ல, மனைவி திறந்தாள். பால் கெட்டுவிடுமே என்று பக்கத்து வீட்டம்மா கொண்டுவந்ததை வைக்க மறுபடி திறந்தாள். அடிக்கடி திறப்பதால் எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று தெர்மாமீட்டரைப் பார்க்க, கையில் டார்ச்சோடு நானும் முறை தவறாமல் திறந்தேன்.

அதற்கு நல்ல உபாயம் ஒன்றை மகள் ஃபோனில் சொன்னாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விட்டுவிட வேண்டும். மின்சாரம் போய் வந்தபிறகு பார்த்தால், நாணயம் மேலேயே இருந்தால் எதுவும் இளகவில்லை. அடியில் போயிருந்தால் உள்ளே எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது, சாப்பிடக் கூடாது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும் இது உதவும். ஒரு ரூபாயில் இத்தனை நாணயமான தணிக்கை என் சர்வீஸில் நடந்ததில்லை.

இவ்வளவும் கற்றபின் சீர்திருத்தத்தை எழுத்தில் கொண்டுவந்தேன். ஒவ்வொரு டப்பாவிலும் தேதிச் சீட்டு. பழையது முன்னால், புதியது பின்னால். நான்காம் நாள் தாண்டியதெல்லாம் வாராக் கடன், தள்ளுபடி. இரண்டு வாரத்தில் எல்லா டப்பாவிலும் சீட்டு இருந்தது, எல்லாச் சீட்டிலும் நேற்றைய தேதி இருந்தது. எப்படி என்று விசாரித்தேன். "நீங்க திட்டுவீங்கன்னு தினம் மாத்தி ஒட்டிட்டேன்" என்றாள் மனைவி. பழைய கடனை அடைத்ததாகக் காட்டிப் புதுக் கடனாக எழுதும் அந்த வித்தையைப் பிடித்ததற்காகத்தான் எனக்கு ஒருமுறை பாராட்டுக் கடிதம் வந்தது.

அன்று நான் உரக்கப் பேசினேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு ஓர் உத்தரவு போட்டாள்: "சரி, இனிமே நீங்களே பாருங்க. நல்லா இருக்குன்னு சொன்னா நீங்களே சாப்பிடணும். கெட்டுப்போச்சுன்னு சொன்னா நீங்களே கொட்டிப் பாத்திரத்தைத் தேய்க்கணும். ரெண்டுல எதுவானாலும் எனக்குச் சம்மதம்."

தணிக்கைத் துறையில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் பல அறிக்கைகள் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். இப்போது கையில் கரண்டியோடு திறந்த டப்பாவின் முன் நின்று, இது நேற்றைய பொரியலா முந்தாநேற்றையதா என்று நான் யோசிக்கும் ஆழத்தில் எந்த ஐந்தொகையையும் யோசித்ததில்லை. தின்று தீர்த்ததில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன், தேய்த்துத் தீர்த்ததில் விரல் நகம் வெளுத்திருக்கிறது. அந்த நிலையில்தான் மூலகாரணம் புத்தியில் உறைத்தது. கோளாறு ஃபிரிட்ஜில் இல்லை, உலையில் இருக்கிறது. மறுநாள் காலை அரிசி களையும் இடத்துக்கே போய், "அரை ஆழாக்கு குறைச்சுப் போடேன். மிஞ்சினாத்தானே இத்தனை பாடும்?" என்றேன்.

"கடன் குடுக்கும்போதே யோசிக்கணும்னு உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று சிரித்தாள். ஆனால் உலையில் விழுந்தது வழக்கமான அளவேதான். "திடீர்னு யாராவது வந்துட்டா?"

யாரும் வரவில்லை. மிஞ்சிய சோற்றை நானே அகலமான தட்டில் பரப்பி, தண்ணீர்த் தாம்பாளத்தில் ஆறவைத்து, மூடி, தேதி எழுதி, முன்வரிசையில் வைத்தேன். மறுநாள் காலையில் திறந்தபோது, என் கையெழுத்தில் இருந்த தேதிக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது. கடன்தாரர் என்று போட்டு, என் பெயரை இனிஷியலோடு எழுதியிருந்தாள். பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்து வைத்திருந்தாள். முழுவதையும் வசூலித்துக் கணக்கை முடித்தேன்.